அவசரகாலக் கதைகளில் சைலன்சர் பூட்டிய ரிவால்வர்: ஒரு கலைமலைவு குறித்து

மலேசியத் தமிழ்ப் புனைகதையில் 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலம் இன்னும் குறைவாகவே எழுதப்பட்டுள்ளது. சயாம் மரண இரயில்பாதையைப் பற்றி ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ ஆகிய நாவல்கள் நம்மிடம் உள்ளன. ரெங்கசாமியின் ‘லங்காட் நதிக்கரை’ ஜப்பானியர் காலத்தையும் அதை அடுத்து வந்த குழப்பத்தையும் சிலாங்கூர் மண்ணில் வைத்துக் காட்டுகிறது. ஆயின், அவசரகாலம் தொடங்கிய இடமான பேராக் மாநிலத்துத் தோட்டங்களை நிலைக்களனாகக் கொண்டு எழுதப்பட்டவை மிகச் சில. இக்குறையைப் போக்கும் முயற்சியில் அண்மைக் காலத்தில் இளம் எழுத்தாளர் சிலர் ஈடுபட்டுள்ளனர். போட்டிகளுக்காகவும் வகுப்பறைப் பயிற்சிக்காகவும் அவர்கள் எழுதிய கதைகள் சிலவற்றைப் படிக்கும் வாய்ப்பு எமக்குக் கிட்டியது. முயற்சி பாராட்டுக்குரியது. அவற்றுள் திரும்பத் திரும்ப வரும் ஒரு காட்சியையே இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

காட்சி பெரும்பாலும் இவ்வாறு அமையும். நள்ளிரவு. துரையின் பங்களா. ரப்பர் நிரைகளுக்கு அப்பாலுள்ள காட்டிலிருந்து ஓர் உருவம் வருகிறது. அதன் கையில் உலகப்போர் விட்டுச் சென்ற பழைய இராணுவ ரிவால்வர். அதன் முனையில் நீண்ட கறுப்புக் குழாய் ஒன்று. ‘ப்ளக்’ என்றொரு மெல்லிய ஓசை. துரை சாய்கிறார். கீழே லயத்தில் உறங்கும் தொழிலாளர் எவரும் விழிப்பதில்லை. விடிந்த பின்னரே கிராணியின் அலறல் கேட்கிறது. சில கதைகளில் இந்த ஓசையின்மையையே ஆசிரியர் விரித்து, தமிழ்த் தொழிலாளியின் ஊமைத்தனத்திற்கு அதனைக் குறியீடாகவும் ஆக்குகிறார்.

இதில் என்ன பிழை என்று கேட்கலாம். கதைக்குக் கால் உண்டா என்று நம் முன்னோர் கேட்டதில்லையா எனவும் கேட்கலாம். ஆனால் தமிழ் அணியிலக்கண மரபு இக்கேள்வியை அவ்வளவு எளிதாக விட்டுவிடவில்லை. தண்டியலங்காரம் குற்றங்களை வகுக்குமிடத்தில் ‘மலைவு’ என்பதையும் சேர்த்து, இடம், காலம், கலை, உலகம், நியாயம், ஆகமம் என ஆறாகப் பிரிக்கிறது. ஒரு நிலத்தில் இல்லாததை அந்நிலத்தில் இருப்பதாகச் சொல்வது இடமலைவு. ஒரு பொழுதுக்கு உரியதை வேறு பொழுதில் வைப்பது காலமலைவு. ஒரு தொழில்நூல் கூறும் முறைக்கு மாறாக அத்தொழிலைப் பாடுவது கலைமலைவு. புலவன் யாழைப் பாடினால் யாழ்நூலுக்கு மாறாகப் பாடுதல் கூடாது என்பதே இதன் கருத்து. துப்பாக்கியும் ஒரு கருவிதான். அதற்கும் ஒரு நூல் உண்டு. மேற்கண்ட காட்சி ஒரே நேரத்தில் கலைமலைவாகவும் காலமலைவாகவும் அமைந்துள்ளது என்பதும், அம்மலைவினால் கதை இழப்பது பெரிது என்பதும் எம் கருத்து.

ரிவால்வரின் இயல்பு

கலைமலைவை முதலில் நோக்குவோம். ரிவால்வர் என்னும் சுழல்துப்பாக்கியில் தோட்டாக்கள் ஓர் உருளைக்குள் தனித்தனி அறைகளில் இருக்கும். விசையை இழுக்குந்தோறும் உருளை சுழன்று ஓர் அறையைக் குழலுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தும். உருளை சுழல வேண்டுமாயின் அதற்கும் குழலுக்கும் இடையே ஒரு சந்து இருந்தே தீர வேண்டும். அது ஒரு தாளின் கனம் அளவே இருக்கலாம். ஆனால் வெடிமருந்து எரிந்து எழும் வாயு மிகுந்த அழுத்தத்தோடு அந்தச் சந்தின் வழியே இருபுறமும் பீறிடும். இருளில் சுடும்போது உருளையின் ஓரத்தில் தீ தெறிப்பதும் இதனால்தான்.

சைலன்சர் செய்யும் வேலை எளியது. குழல்முனையைவிட்டு வெளியேறும் வாயுவை உடனே வெளியே விடாமல், அடுத்தடுத்த சிற்றறைகளில் விரியவும் குளிரவும் விட்டு, வேகம் தணிந்தபின் வெளியேற்றுவது. அமெரிக்கரான ஹைரம் பெர்சி மாக்சிம் 1909இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். இயந்திரத் துப்பாக்கியை உருவாக்கிய ஹைரம் மாக்சிமின் மகன் இவர். தந்தை உலகை நடுங்க வைத்த ஓசையை மகன் அடக்க முயன்றது ஒரு வேடிக்கைதான். மோட்டார் வண்டியின் புகைக்குழாய் ஓசையைத் தணிப்பதும் இதே தத்துவம். தமிழகத்தில் மோட்டார் சைக்கிளின் அந்தப் பாகத்தைச் சைலன்சர் என்றே வழங்குவது இதனால் பொருத்தமானதே. வாயு முழுவதும் முனை வழியாகச் சென்றால்தான் இக்கருவிக்கு வேலை உண்டு. ரிவால்வரிலோ முனையை அடையுமுன்னரே சந்து வழியாக ஓசை வெளியேறிவிடுகிறது. பானையின் வாயைத் துணியால் இறுகக் கட்டிவிட்டுப் பக்கத்தில் ஓட்டை வைத்தாற் போன்றது இது. வாயு நன்கு அடைபடும் துப்பாக்கியிலும்கூட இக்கருவி ஓசையைத் தணிக்குமேயன்றி இல்லாமல் ஆக்குவதில்லை. ‘ப்ளக்’ என்பது திரைப்பட ஒலிப்பதிவுக்கூடத்தில் பிறந்த ஓசை.

மலாயாவில் புழங்கிய பழைய இராணுவ ரிவால்வர்கள் எவை என்று பார்த்தால் இக்குற்றம் மேலும் தெளிவாகும். முதல் உலகப்போர்க் காலத்து வெப்லி ஆறாம் வகை, 1932 முதல் பிரிட்டிஷ் படையில் வழங்கிய என்ஃபீல்டு இரண்டாம் எண் ஆகியவை காலனியக் காவல்துறையோடும் தோட்டத் துரைமார்களோடும் இணைத்துப் பேசப்படுபவை. இரண்டும் நடுவில் மடங்கித் திறப்பவை. இரண்டிலும் மேற்சொன்ன சந்து உண்டு. வெப்லியின் குண்டு கனமானது. ஒலியின் வேகத்தைவிட மெதுவாகச் செல்வது. ஆகவே வேகமான குண்டுகள் காற்றைக் கிழிக்கும் வெடிப்பொலி இதற்கு இல்லை. ஒலியடக்கத்துக்கு ஏற்ற குண்டு, ஒலியடக்கத்துக்கு ஒவ்வாத துப்பாக்கியில் இருந்தது எனலாம்.

விதிவிலக்கு ஒன்று உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. பெல்ஜியரான லியோன் நகான் வடிவமைத்து, 1895இல் ரஷ்யப் படை ஏற்றுக்கொண்ட நகான் ரிவால்வர் ஏழு தோட்டாக்களைக் கொண்டது. அதில் சுத்தியலைப் பின்னிழுக்கும்போது உருளையே முன்னோக்கி நகர்ந்து குழலோடு பொருந்தும். குண்டை முழுமையாக உள்ளடக்கிய நீண்ட தோட்டாக்கூட்டின் வாய் குழலுக்குள் நுழைந்து, சுடும் கணத்தில் விரிந்து சந்தை அடைத்துவிடும். ஆகவே ரஷ்யர்கள் அதற்கென்று ஓர் ஒலியடக்கி செய்து பயன்படுத்தினர். ஆனால் அது ரஷ்யப் படைக்கலம். கிந்தாப் பள்ளத்தாக்கின் தோட்டத்தில் அதனை வைக்க விரும்பும் ஆசிரியர், அது எப்படி அங்கு வந்தது என்பதற்குத் தனியே ஒரு கதை எழுத வேண்டியிருக்கும்.

இதைவிட வலுவான சான்று இரண்டாம் உலகப்போரிலேயே உள்ளது. எதிரியின் பின்புலத்தில் இரகசியப் பணியாற்றிய பிரிட்டிஷ் அமைப்புக்கு ஓசையற்ற கைத்துப்பாக்கி தேவைப்பட்டபோது, அவர்கள் கையில் ஆயிரக்கணக்கில் இருந்த ரிவால்வர்களை எடுத்து அவற்றின் முனையில் குழாய் பூட்டவில்லை. வெல்ராட் என்னும் புதிய கருவியையே படைத்தனர். சைக்கிள் பம்பைப் போன்ற தோற்றமுடைய அது ஒவ்வொரு முறையும் கையால் இழுத்துத் தோட்டா ஏற்ற வேண்டியது. அதைப் போலவே டி லைல் என்னும் ஓசை தணித்த குறுந்துப்பாக்கி மிகச் சிறு எண்ணிக்கையில் செய்யப்பட்டது. அது பின்னாளில் மலாயா அவசரகாலத்திலும் பயன்பட்டது. எனவே ஓசையடங்கிய துப்பாக்கி நம் காடுகளில் இருந்ததே இல்லை என்று எவரும் சொல்லவில்லை. இருந்தது, ஆனால் அது தோளில் வைத்துச் சுடும் நீளத் துப்பாக்கி, அரசுத் தரப்பின் கையில் இருந்தது. கதைகளில் அது எதிர்த் தரப்பின் கைக்கு மாறி, குறுகி, ரிவால்வராகிவிட்டது. கருவியின் அறிவு இல்லாமையால் அரசியலே தலைகீழாக மாறிவிடுவதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

இக்காட்சி எங்கிருந்து வந்தது?

பேராக் மாநிலத்தின் அனுபவத்திலிருந்து இது வரவில்லை என்பது தெளிவு. தமிழ்வாணனின் சங்கர்லால் கதைகள் தொடங்கிப் பின்னர் வந்த மாத நாவல்கள் வரை, தமிழகத்துத் துப்பறியும் இலக்கியத்திற்கு இந்நாட்டுத் தோட்டங்களில் பெரும் வாசகர் கூட்டம் இருந்தது. தோட்டத்துக் கோயில் திடலில் திரையிட்ட படங்களும் இதற்குத் துணை. அவற்றில் ‘டுமீல்’ என்பது பகிரங்கமான கொலைக்கும், ‘சைலன்சர் பொருத்திய ரிவால்வர்’ என்பது இரகசியமான கொலைக்கும் மரபுத்தொடராயின. அத்தொடரில் ரிவால்வர் என்ற சொல் ஒரு குறிப்பிட்ட கருவியைச் சுட்டவில்லை; ஆபத்து என்னும் பொருளையே சுட்டியது. பொழுதுபோக்குக் கதையில் இதனைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை. அது தன் உலகத்தைத் தானே படைத்துக்கொள்கிறது.

அத்தகைய கதையிலும்கூட வாசகர் விழிப்பாக இருந்தால் எழுத்து செம்மையடையும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஜேம்ஸ் பாண்ட் கதைகளை எழுதிய இயான் ஃபிளெமிங்குக்கு, கிளாஸ்கோ நகரத் துப்பாக்கி வல்லுநரான ஜெஃப்ரி பூத்ராய்டு 1956இல் கடிதம் எழுதி, கதைநாயகனின் ஆயுதம் அவனுக்குப் பொருந்தவில்லை என்றார். ஃபிளெமிங் சினமடையவில்லை, 1958இல் வந்த ‘டாக்டர் நோ’வில் ஆயுதத்தை மாற்றியதோடு, அதை மாற்றிக் கொடுக்கும் அதிகாரிக்கு அவ்வாசகரின் பெயரையே சூட்டினார். நம் விமர்சனச் சூழலில் இப்படிப்பட்ட கடிதம் எழுதுபவரைக் குறை காண்பவர் என்றே சொல்லியிருப்போம்.

தமிழில் ஒரு சொற்சிக்கலும் இதனோடு சேர்ந்துகொள்கிறது. ‘கைத்துப்பாக்கி’ என்ற சொல் பிஸ்டலையும் ரிவால்வரையும் ஒருங்கே குறிக்கிறது. பிஸ்டலில் சந்து இல்லை. ஆதலால் அதற்கு ஒலியடக்கி பூட்ட இயலும். ஆங்கிலக் கதைகளில் பிஸ்டலுக்குப் பூட்டிய கருவி, ‘கைத்துப்பாக்கி’ என்ற பொதுச்சொல்லின் வழியாகத் தமிழுக்கு வந்து, மீண்டும் ‘ரிவால்வர்’ என்று பெயர்க்கப்படும்போது பிழையாகிவிட்டது எனக் கருதலாம். ‘சுழல்துப்பாக்கி’ என்ற சொல்லை நாம் கூடுதலாகப் பயன்படுத்தினால், சுழல்வது எது, அது சுழல இடைவெளி வேண்டாமா என்ற கேள்வி சொல்லிலேயே எழுந்திருக்கும்.

சுங்கை சிப்புட், 16 ஜூன் 1948

இனிக் காலமலைவு. கதைகளின் நள்ளிரவுக் காட்சிக்கு மூலமாக அமைந்த நிகழ்ச்சி நன்கு பதிவானது. 1948 ஜூன் 16ஆம் நாள் காலை ஏறத்தாழ எட்டரை மணிக்கு, சுங்கை சிப்புட் அருகிலுள்ள எல்ஃபில் தோட்டத்திற்கு மூன்று சீன இளைஞர்கள் சைக்கிளில் வந்தனர். தோட்ட நிர்வாகி ஆர்தர் வாக்கர் அலுவலக அறையில் இருந்தார். வந்தவர்கள் மலாய் முறைப்படி அவருக்கு வணக்கம் கூறினர். அவரும் மறுமொழி கூறினார். அடுத்து இரண்டு வெடிகள். வந்தவர்கள் சைக்கிளில் ஏறிச் சென்றுவிட்டனர். பக்கத்து அறையில் இந்தியக் கிராணி இருந்தார். அரை மணி நேரம் கழித்து, சில மைல் தொலைவிலுள்ள மற்றொரு தோட்டத்தில் ஜான் அலிசன் என்னும் நிர்வாகியும் அவருடைய இளம் உதவியாளர் இயான் கிறிஸ்டியனும் கட்டப்பட்டுச் சுட்டுக் கொல்லப்பட்டனர். இரண்டு நாளில், ஜூன் 18இல், மலாயாக் கூட்டரசு முழுவதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது நீங்கியது 1960 ஜூலை 31இல். கொல்லப்பட்ட மூவரின் கல்லறைகளும் பத்து காஜாவிலுள்ள கிறித்தவ இடுகாட்டில் உள்ளன. இக்கொலைகள் தம் தலைமையின் ஆணைப்படி நிகழவில்லை என்று, பேராக் சித்தியவானில் பிறந்த கம்யூனிஸ்டுக் கட்சித் தலைவர் சின் பெங் 2003இல் வெளிவந்த தம் நினைவு நூலில் கூறியிருப்பதையும் இங்குக் குறிப்பிடலாம்.

இந்நிகழ்ச்சியில் எழுத்தாளர் கவனிக்க வேண்டியவை மூன்று. ஒன்று, பட்டப்பகல். எட்டரை மணி என்பது பெரட்டு முடிந்து, பால்வெட்டுத் தொழிலாளர் நிரைகளில் பரவி நிற்கும் நேரம். மற்றொன்று, வணக்கம். கொல்ல வந்தவனும் கொல்லப்பட்டவனும் பரிமாறிக்கொண்ட ஒரு சாதாரண மரியாதைச் சொல், அதற்கும் வெடிக்கும் இடையே இருந்த சில நொடிகள். எந்த நாவலாசிரியனும் இதைவிடக் கூர்மையான ஒரு காட்சியைக் கற்பனையில் உருவாக்க இயலாது. மூன்றாவதும் எம் பொருளுக்கு மையமானதும் ஓசையே. வந்தவர்கள் ஓசையை மறைக்க முயலவில்லை. ஓசை கேட்கப்பட வேண்டும் என்பதே அத்தகைய செயலின் நோக்கம். துரை சுடப்பட்டார் என்பதைத் தோட்டம் முழுவதும் அறிய வேண்டும். தோட்டம் அறிந்தால் பக்கத்துத் தோட்டம் அறியும். அச்செயலுக்கு ஒலியடக்கி கிடைத்திருந்தாலும் அவர்களுக்கு அது வேண்டாததாகவே இருந்திருக்கும்.

ஒலியைக் கேட்ட செவிகள்

காலனிய இலக்கியம் இதை நன்கு அறிந்திருந்தது. 1911 ஏப்ரல் 23இல் கோலாலம்பூரில் எத்தல் புரௌட்லாக் என்னும் ஆங்கிலப் பெண், வில்லியம் ஸ்டீவர்ட் என்னும் சுரங்க நிர்வாகியைத் தம் வீட்டுத் திண்ணையில் சுட்டுக் கொன்றார். கருவி வெப்லி ரிவால்வர். அதன் ஆறு தோட்டாக்களும் தீர்ந்திருந்தன. தற்காப்பு என்ற அவர் கூற்றுக்கு எதிராக நின்றவற்றுள் முதன்மையானது அந்த எண்ணிக்கை. வெளியே காத்திருந்த ரிக்‌ஷாக்காரர் வெடியோசையைக் கேட்டவர், சாட்சியமும் அளித்தார். இந்நிகழ்ச்சியைத் தழுவி சாமர்செட் மாம் எழுதிய ‘கடிதம்’ என்னும் கதை 1926இல் அவர் தொகுப்பில் வெளிவந்தது. மாம் நிகழிடத்தை ரப்பர் தோட்டத்திற்கு மாற்றினார்; ஆனால் ஆறு தோட்டாக்களை மாற்றவில்லை. ஒரு முறை சுட்டால் அச்சம். ஆறு முறை சுட்டால் அது வேறு. கதையில் வழக்கறிஞரின் மனத்தை உறுத்திக்கொண்டே இருப்பது அந்த எண்ணிக்கைதான். ரிவால்வர் ஆறு அறைகளை உடையது என்னும் இயந்திர உண்மை அக்கதையில் ஒழுக்க உண்மையாகிவிடுகிறது. கலைமலைவு நேராமல் கருவியை அறிந்து எழுதுவதன் பயன் இதுவே.

மாமின் கதையில் வேலையாள்கள் ஓசை கேட்டு ஓடி வருகின்றனர். அவ்வளவோடு அவர்கள் வேலை முடிகிறது. அவர்கள் என்ன கேட்டார்கள், என்ன நினைத்தார்கள் என்று மாம் கேட்கவில்லை. அது அவருக்குத் தேவைப்படவில்லை. மலேசியத் தமிழ் எழுத்தாளனுக்கு விட்டுவைக்கப்பட்ட இடம் அது. பக்கத்து அறையில் இருந்த கிராணியின் இடம். நிரையில் உளியோடு நின்ற பெண்ணின் இடம். ஆங்கிலேயர் நூல்களில் பெரும்பாலும் ஒரு வரியில் கடந்துவிடும் அந்த மனிதர்தான் அன்றைய காலைப்பொழுதின் மெய்யான சாட்சி. அந்த இடத்தில் நம் எழுத்தாளர் சைலன்சரைக் கொண்டுவந்து பூட்டும்போது, துரையின் பங்களாவில் ஓசை அடங்குகிறதோ இல்லையோ, கிராணியின் செவி அடைபட்டுவிடுகிறது. அவர் விடிந்தபின் பிணத்தைக் கண்டு அலறும் வெறும் துணைப்பாத்திரமாகிறார்.

எம்மோடு உடன்படாதவர் இங்கு ஒரு மறுப்பை எழுப்பலாம். மலைவைக் குற்றம் என்று சொன்ன அதே தண்டியாசிரியர் மரபு, புலவனின் திறத்தால் மலைவும் சில இடங்களில் குற்றமாகாது அமையும் என்று இடம் கொடுக்கிறது. ஓசையில்லாத் துப்பாக்கி தொழிலாளரின் ஊமைத்தனத்திற்குக் குறியீடாக நிற்கும்போது அந்த அமைதி இதற்கும் பொருந்தாதா? பொருந்தாது என்பதே எம் விடை. காரணம் அணியிலக்கணத்தில் இல்லை; அக்காலத்தின் வாழ்க்கையில் உள்ளது.

தோட்டத் தொழிலாளர் பேசாதிருந்தது எதையும் கேட்காததால் அன்று. கேட்டார்கள், கேட்டபின் வாயை மூடிக்கொண்டார்கள். காட்டிலிருப்பவரைப் பற்றிக் காவலரிடம் சொன்னால் காட்டிலிருந்து தண்டனை வரும். சொல்லாவிட்டால் அவசரகால விதிகள் இருந்தன: விசாரணையின்றித் தடுத்து வைத்தல், நாடு கடத்தல். இங்குப் பிறந்த பிள்ளைகளோடு, பார்த்தறியாத ஒரு தமிழக ஊருக்குக் கப்பலேற நேருமோ என்னும் அச்சம் லயத்தில் எவ்வளவு கனமானது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தபின் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர், பெரும்பாலும் சீனர், புதுக்கிராமங்களில் குடியேற்றப்பட்டனர். தோட்டங்களில் சிதறிக் கிடந்த லயங்களும் வேலிக்குள் திரட்டப்பட்டன. காட்டுக்கு உணவு போகாதிருக்க அரிசி கணக்கிட்டுக் கொடுக்கப்பட்டது. இச்சூழலில் மௌனம் என்பது ஒவ்வொரு நாளும் ஒவ்வொருவரும் எடுத்த முடிவு. மண்டோர் ஒரு கணக்குப் போட்டார். கிராணி வேறொரு கணக்குப் போட்டார். கணவனிடம்கூடச் சொல்லாத பெண்ணும் இருந்திருக்கக் கூடும். நாற்பது பேர் கேட்ட வெடியை நாற்பது பேரும் கேட்கவில்லை என்று சொல்வதில்தான் கதை இருக்கிறது. ஒருவரும் கேட்கவே இல்லை என்றால் அவர்களுக்கு மறைக்க எதுவும் இல்லை, அஞ்ச எதுவும் இல்லை, தீர்மானிக்கவும் எதுவும் இல்லை. தொழிலாளியை ஊமையாகக் காட்ட வந்த குறியீடு அவரைச் செவிடராக்கிவிடுகிறது. இவை இரண்டும் ஒன்றல்ல.

ஓசையை மறைத்து வாழ்ந்த வாழ்க்கை வேண்டும் என்றால் அதற்கும் பேராக்கிலேயே மெய்யான சான்று உண்டு. ஈப்போவுக்கு அருகிலுள்ள பாப்பானில், இலங்கைத் தமிழ் மரபினரான மருத்துவர் கார்த்திகேசுவின் மனைவி சிபில் கார்த்திகேசு, ஜப்பானியர் ஆட்சியில் வானொலிப் பெட்டி ஒன்றை வீட்டில் மறைத்து வைத்து நேசநாடுகளின் செய்திகளைக் கேட்டு வந்தார். காட்டிலிருந்து வந்த போராளிகளுக்கு மருத்துவமும் செய்தார். பிடிபட்டுக் கடும் சித்திரவதைக்கு ஆளானார். போருக்குப்பின் ஜார்ஜ் பதக்கம் பெற்றார். 1948 ஜூன் 12இல், சுங்கை சிப்புட் நிகழ்ச்சிக்கு நான்கு நாள் முன்பு, பிரிட்டனில் காலமானார். அவர் நினைவு நூல் 1954இல் வெளிவந்தது. வானொலியின் ஓசை சுவருக்கு அப்பால் செல்லாமல், ஆனால் தம் செவிக்கு மட்டும் எட்டுமாறு அதை வைத்துக்கொண்ட அந்த வீடு, எந்தச் சைலன்சரையும்விடச் செறிவான இலக்கியப் பொருள். அதை எடுத்துத் தமிழில் நாவல் எழுத யாரும் முன்வராதது வியப்புக்குரியது.

சுடப்படாத துப்பாக்கி

மலாயாத் தமிழர் வரலாற்றில் மிகுதியும் பேசப்பட்ட கைத்துப்பாக்கி எது என்று கேட்டால், எம் விடை எஸ். ஏ. கணபதியிடம் இருந்ததாகச் சொல்லப்பட்ட துப்பாக்கி என்பதே. தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவரும் அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கியவருமான கணபதி, 1949 மார்ச்சு 1இல் சிலாங்கூர் மாநிலம் ரவாங் அருகே வாட்டர்ஃபால் தோட்டத்தில் பிடிபட்டார். குற்றச்சாட்டு, ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது. மார்ச்சு 15இல் மரணதண்டனை விதிக்கப்பட்டது. இந்திய அரசின் வேண்டுகோளையும் மீறி, மே 4இல் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அதற்கு முந்திய நாள் மற்றொரு தொழிற்சங்கத் தலைவரான வீரசேனன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

கணபதி மீதான குற்றச்சாட்டு, அந்தத் துப்பாக்கியால் யாரையும் சுட்டார் என்பதன்று. உரிமமின்றி வைத்திருந்ததே அவசரகால விதியின்படி உயிரைப் பறிக்கப் போதுமானதாக இருந்தது. ஆங்கிலப் பதிவுகளில் அது பிஸ்டல் என்றும் ரிவால்வர் என்றும் இரு வகையாகவும் வழங்கப்படுகிறது. தமிழில் எழுதியவர்கள் ‘கைத்துப்பாக்கி’ என்றனர். ஆறு தோட்டாக்கள் என்ற எண்ணோ எல்லாப் பதிவிலும் மாறாமல் வருகிறது. இவ்வழக்கைப் பற்றிய விவாதம் இன்றும் தொடர்வது நாம் அறிந்ததே. புனைகதை ஆசிரியர் நோக்க வேண்டியது, ஓசையே எழுப்பாமல் ஒருவரைக் கொன்ற துப்பாக்கி அது என்பதை. அதற்குக் குழாய் எதுவும் தேவைப்படவில்லை. ஒரு சட்டவிதி போதுமானதாக இருந்தது. சைலன்சர் காட்சியை எழுதிய இளைஞர்களுள் எவரும் இந்தத் துப்பாக்கியை எழுத எண்ணவில்லை என்பதே எமக்குப் பெரிய குறையாகப் படுகிறது. அவர்கள் பாடநூலில் அது இல்லை என்பது உண்மையே. ஆனால் அவர்கள் பார்த்த திரைப்படத்திலும் அது இல்லை.

அவசரகாலம் முடிந்த 1960ஆம் ஆண்டிலேயே ஆயுதச் சட்டம் வந்தது. 1971இல் துப்பாக்கிக் குற்றங்களுக்குக் கட்டாய மரணதண்டனை விதிக்கும் சட்டம் வந்து, 2023இல்தான் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. இந்நாட்டில் துப்பாக்கி என்னும் பொருளின் மீது இருக்கும் அச்சம் திரைப்படத்தின் அச்சம் அன்று. அதற்கு இத்தகைய நீண்ட சட்ட வரலாறு உண்டு. பழைய ரிவால்வரைக் கையில் எடுத்துப் பார்த்தறியும் வாய்ப்பு நம் எழுத்தாளருக்கு இல்லை என்பதை ஏற்கிறோம். ஆகவே கருவியைப் பற்றி நூல்களில் படித்தறிய வேண்டும். ஓசையைப் பற்றி அறிய நூல்கூட வேண்டியதில்லை.

சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. லயங்கள் இடிக்கப்பட்டு வீட்டுமனைகளாயின. அங்கிருந்தவர்கள் பட்டணத்து அடுக்குமாடிகளிலும் தாமான்களிலும் பிள்ளைகளோடு வாழ்கின்றனர். 1948இல் பத்து வயதாக இருந்து பெரட்டுக் களத்தின் ஓரத்தில் விளையாடிக்கொண்டிருந்த ஒருவருக்கு இப்போது தொண்ணூறை நெருங்கும் வயது. அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் எளியவை: ஓசை எந்தப் பக்கமிருந்து வந்தது, எத்தனை முறை கேட்டது, அதன்பின் அம்மா என்ன சொல்லி வாயைப் பொத்தினார். கதையை எழுத அமர்வதற்கு முன் பேராக் மாநிலத்து மாணவர் ஒருவர் தம் வீட்டு முதியவரிடம் இந்த மூன்றையும் கேட்டு எழுதி வந்தால், அக்குறிப்பை இவ்விதழில் வெளியிடப் பரிந்துரைக்க நாம் அணியமாக இருக்கிறோம்.